போரின்றி ஒழிந்த அடிமை முறை



மனிதரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் முறையா என்னும் வழக்கினால் ஒரு நாடு இரண்டாகப் பிளந்து, நான்கு ஆண்டுகள் தன்னோடு தானே போரிட்டது. 1861ஆம் ஆண்டு தொடங்கி 1865ஆம் ஆண்டில் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டவர் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் என்று நெடுங்காலமாகக் கணக்குச் சொல்லி வந்தனர். அண்மைக் கால ஆய்வாளர்கள் அத்தொகையும் குறைவு என்கின்றனர். மற்றொரு நாட்டிலோ, அதே வழக்கம் 1843ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், நான்கே பிரிவுகள் கொண்ட ஒரு சட்டத்தால் முடிவுக்கு வந்ததாக எழுதி வைத்தனர். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஊர்ப் பொதுமக்களுக்குச் சட்டம் வந்த செய்திகூட எட்டியிராது. அந்த நாடு நம்முடையதுதான்.

இரத்தம் சிந்தாமல் ஒரு கொடுமை நீங்கிற்று என்றால் மகிழ வேண்டியதே. ஆனால் வரலாற்றைச் சற்று உற்று நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். தென் அமெரிக்க மாநிலங்களின் பருத்தித் தோட்டக்காரர் தம் அடிமைகளை விட மனமின்றி நாட்டையே உடைக்கத் துணிந்தார்களே. தஞ்சை மிராசுதாரும் செங்கற்பட்டு நிலக்கிழாரும் மட்டும் ஏன் வாய் திறவாமல் இருந்தார்கள்? அவர்கள் அவ்வளவு நல்லவர்களா? அல்லது அவர்கள் இழந்தது ஒன்றும் இல்லையா? இன்றைய பேச்சு இந்த ஒரு வினாவைப் பற்றியது. பிரேசர் டவுனில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது நெருங்கிய வினா என்பதையும் போகப் போகக் காண்போம்.

முதலில், 'தமிழ்நாட்டில் அடிமை முறை இருந்ததா?' என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். இருந்தது. அதற்குச் சான்று தேட அயல்நாட்டார் எழுதிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பெரிய புராணத்தில் சுந்தரரை ஆட்கொண்ட கதையை அறியாதார் யார்? புத்தூரில் மணப்பந்தலில் அமர்ந்திருந்த நம்பியிடம் ஒரு கிழவேதியர் வந்து, 'நீ எனக்கு வழிவழி அடிமை. உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். நம்பி ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை வெளிவருகிறது. பாட்டன் கையெழுத்தை வேறோர் ஓலையிலுள்ள கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம் ஆகிறது. பக்திச் சுவையில் தோய்ந்து படிக்கும்போது நாம் கவனியாமல் விடுவது ஒன்று உண்டு. சேக்கிழார் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டில், ஆளை அடிமையாக எழுதிக் கொடுக்கும் ஓலையும், அதன் மேல் வழக்காடும் சபையும், கையெழுத்தை ஒப்பிடும் முறையும் கேட்போர் அனைவர்க்கும் தெரிந்த செய்திகளாக இருந்தன. தெரியாத ஒன்றைக் கொண்டு இறைவன் திருவிளையாடல் நிகழ்த்த முடியாதல்லவா?

கல்வெட்டுகளும் இதையே சொல்கின்றன. 1201ஆம் ஆண்டில், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், பஞ்சத்தின் கொடுமை தாங்காத ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு பெண்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக் கொண்டார். வேளாளரே விற்கப்பட்டார் என்றால் அவர்க்குக் கீழே வைக்கப்பட்டிருந்த மக்களின் நிலை எப்படி இருந்திருக்கும்! பின்னர்க் கடல் வழி வந்த ஐரோப்பியர் இந்தச் சந்தையைக் கண்டு கொண்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக் கம்பெனியார் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கிப் பெரும்பாலோரை இலங்கைக்கு அனுப்பினர் என்பது அக்கம்பெனியின் ஏடுகளிலிருந்து ஆய்வாளர் கண்ட கணக்கு.

ஆனால் கப்பலேறியவர்களைவிட, ஏறாமல் வயலோடு கட்டுண்டு கிடந்தவர்களே மிகப் பலர். பறையர், பள்ளர் என்றும், மலையாளக் கரையில் செறுமர், புலையர் என்றும் அழைக்கப்பட்ட உழவுத் தொழிலாளர்கள் அவர்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கியவரும், தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பத்தவை என்பதை 1816ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியவருமான எல்லிஸ் துரை சென்னையில் கலெக்டராக இருந்தார். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட வினாக்களுக்கு அவர் எழுதிய விடைகள் 1818ஆம் ஆண்டில் அச்சாயின. நிலத்தோடு ஆளும் கட்டுண்டிருக்கும் நிலை தொண்டை மண்டலத்தில் இருந்ததை அவர் அதில் பேசுகிறார். மறு ஆண்டே, 1819இல், சென்னை ரெவினியூ போர்டு மாவட்டக் கலெக்டர்களிடமெல்லாம் இது பற்றி அறிக்கை கேட்டது.

மலபாரில் இதைவிட வியப்பான செய்தி உண்டு. அங்கே கம்பெனி அரசாங்கமே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தது. சர்க்கார் நிலத்து அடிமைகளால் ஆண்டுக்கு 900 ரூபாய்க்குச் சற்று மேலாக வருமானம் வந்தது. அந்தச் சிறு தொகையைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம் என்று உத்தரவிட 1836ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே நடந்த வழக்கு எப்படிப் போராக முற்றியது என்று தெரிந்தால்தான், இங்கே ஏன் முற்றவில்லை என்பது விளங்கும்.

1787ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தபோது 'அடிமை' என்னும் சொல்லை அதில் எழுத வெட்கப்பட்டார்கள். ஆனால் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்கும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வெட்கப்படவில்லை. அக்காலத்தில் அடிமை முறை தானே தேய்ந்து போகும் என்று பலர் நம்பினர். 1793ஆம் ஆண்டில் எலி விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியைச் செய்தார். பருத்தி கொழிக்கத் தொடங்கிற்று. அதைப் பறிக்கும் கைகளின் விலையும் ஏறிற்று. 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அமெரிக்க அடிமைகள் ஏறக்குறைய 39 லட்சத்து 50 ஆயிரம் பேர்.

சண்டை தென் மாநிலங்களுக்குள் இருந்த அடிமைகளைப் பற்றித் தொடங்கவில்லை. மேற்கே புதிதாகக் குடியேறும் நிலங்களைப் பற்றித் தொடங்கிற்று. ஒரு புதிய மாநிலம் சேரும்போதெல்லாம் அது எந்தக் கட்சி என்ற கேள்வி எழுந்தது. 1820ஆம் ஆண்டில் மிசௌரியை அடிமை மாநிலமாகவும், மெயினை அடிமையற்ற மாநிலமாகவும் சேர்த்து, நாட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்துச் சமாதானம் செய்தார்கள். பாகப் பிரிவினையில் வரப்பு வெட்டுவது போன்ற ஏற்பாடு. வரப்பு இருக்கும் வரை இரு தரப்பாரும் அதை அளந்து கொண்டே இருப்பார்கள் என்பது நம் ஊர்களில் தெரிந்ததுதானே! இதற்குள் திருச்சபைகளும் உடைந்தன. 1844இல் மெதடிஸ்ட் சபையும், 1845இல் பாப்டிஸ்ட் சபையும் வடக்கு, தெற்கு என்று பிரிந்தன. ஒரே வேதத்தைப் படித்தவர்கள் ஒரே பந்தியில் அமர மறுத்த பிறகு, ஒரே பாராளுமன்றத்தில் எத்தனை நாள் அமர்வார்கள்?

1850ஆம் ஆண்டுச் சட்டம்தான் நெருப்பை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் திருப்பித் தரும் கடமையை அது வட மாநிலத்துக் குடிமக்கள் மீதும் சுமத்திற்று. விசாரிக்கும் அதிகாரி, பிடிபட்டவரை அடிமை என்று தீர்த்தால் 10 டாலர் கூலி. அடிமையல்லர் என்று தீர்த்தால் 5 டாலர். நீதி எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டுமா? 1854ஆம் ஆண்டில் ஆண்டனி பர்ன்ஸ் என்னும் இளைஞரைப் பாஸ்டன் நகரில் பிடித்தார்கள். அவரைக் கப்பலேற்றப் படைவீரர்கள் சூழ்ந்து வர வேண்டியிருந்தது. நகரத்தார் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டுத் துக்கம் காத்தனர். அதுவரை, 'அது தெற்கத்தியார் விஷயம், நமக்கென்ன?' என்று இருந்தவர்கள் அன்று தங்கள் தெருவிலே சங்கிலியைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டில் பழைய கோட்டையும் அழித்துவிட்டு, கான்சாஸ், நெப்ராஸ்கா நிலங்களில் குடியேறியவர்களே வாக்கெடுத்து முடிவு செய்யலாம் என்று சட்டம் செய்தனர். வாக்கெடுக்கும் முன்பே இரு கட்சியாரும் துப்பாக்கியோடு கான்சாசுக்கு ஓடினர். 1856இல் மேல்சபைக்குள்ளேயே சார்லஸ் சம்னர் என்னும் உறுப்பினரை, அடிமை முறைக்கு எதிராகப் பேசினார் என்று, தென் மாநிலத்து உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் நினைவிழக்க அடித்தார். 1857இல் உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் என்பவர் வழக்கில், ஆப்பிரிக்க வழியினர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்றும், புதிய நிலங்களில் அடிமை முறையைத் தடுக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் தீர்ப்பளித்தது. சமாதானத்துக்கு இருந்த கடைசிக் கதவும் மூடிற்று. 1859இல் ஜான் பிரௌன் ஹார்ப்பர்ஸ் பெரியில் ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கு மேடை ஏறினார். 1860 நவம்பரில் லிங்கன் தேர்தலில் வென்றார். டிசம்பர் 20ஆம் நாள் தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரல் 12ஆம் நாள் சம்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கிற்று. பிரிந்து போன மாநிலங்கள் முடிவில் 11 ஆயின.

இதில் நாம் கருத வேண்டிய ஒன்று உண்டு. அங்கே அடிமை முறைக்குச் சட்டத்தின் கை வேண்டியிருந்தது. அடிமை ஓடினால் பிடித்துத் தர நீதிமன்றம் வேண்டும், காவலர் வேண்டும், பக்கத்து மாநிலத்தின் ஒத்துழைப்பு வேண்டும். ஆகவே சட்டத்தை யார் கையில் வைத்திருப்பது என்பது உயிர்ப் போராட்டம் ஆயிற்று. மேலும், பேசுவதற்கு அங்கே பலர் இருந்தனர். பிரடெரிக் டக்ளஸ் போன்றவர்கள் அடிமையாகவே பிறந்து, தப்பி வந்து, மேடையேறித் தம் கதையைத் தாமே சொன்னார்கள். பத்திரிகை நடத்தினார்கள். 1852இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் எழுதிய கதையை வீடு தோறும் படித்து அழுதார்கள்.

இங்கே என்ன நடந்தது? பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833ஆம் ஆண்டில் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. உடைமைக்காரர்களுக்கு ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது. அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயின்ட் எலினாத் தீவுக்கும் இது செல்லாது. அதே ஆண்டில் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்திய அடிமை முறையையும் ஒழிக்கும் விதி ஒன்றைச் சேர்க்க முயன்றனர். பிரபுக்கள் சபையில் வெல்லிங்டன் பிரபு எச்சரித்தார்: இந்தியாவை ஆள வேண்டுமானால் இவ்விஷயத்தில் மெல்லக் கை வையுங்கள் என்பது அவர் கருத்து. முடிவில், தக்க காலத்தில், ஆபத்தில்லாத வகையில் ஒழிக்க வழி காண்க என்று இந்திய அரசாங்கத்துக்குச் சொல்லி நிறுத்திக் கொண்டார்கள்.

ஏன் இந்தத் தயக்கம்? நிலவரிதான் காரணம். கம்பெனியின் கருவூலம் தஞ்சை நெல்லை நம்பியிருந்தது. நெல் பண்ணையாளின் முதுகை நம்பியிருந்தது. கலெக்டர்களில் சிலர் மனம் வருந்தி எழுதினர். பலர் எழுதியதோ, இந்நாட்டு அடிமை முறை மென்மையானது, பஞ்ச காலத்தில் ஆண்டைதான் சோறு போடுகிறான், கலைத்தால் ஆளும் பட்டினி, வரியும் போம் என்ற நியாயமே. இதே நியாயத்தை அதே காலத்தில் மிசிசிப்பித் தோட்டக்காரரும் சொல்லிக் கொண்டிருந்தனர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. அடிமையின் உழைப்பில் சோறு உண்பவர்க்கு இந்த நியாயம் தானே தோன்றும் போலும்.

1841இல் சட்ட ஆணையம் இந்திய அடிமை முறை பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றைத் தந்தது. ஆணையத்தாருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் வில்லியம் ஆடம் என்பவர் இந்திய அடிமைச் சட்டமும் வழக்கமும் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். வங்காளத்தில் ராம்மோகன் ராயோடு பழகிய அவர் நூலை அச்சிட்டது எங்கே தெரியுமா? பாஸ்டனில். தங்கள் நாட்டு அடிமைகளுக்காக வாதாடிய அமெரிக்கர் நம் நாட்டு அடிமைகளைப் பற்றியும் படித்தார்கள். நம் நாட்டார் படித்தாரில்லை. அந்நாளில் பார்ட்டில் பிரேர் என்ற அதிகாரி போட்ட மதிப்பு, இந்தியாவில் அடிமைகள் 80 முதல் 90 லட்சம் வரை என்பது. குடிக்கணக்கு எடுக்கப்படாத காலத்து மதிப்பீடுதான். ஆயினும் பாதியாகக் குறைத்தாலும் அமெரிக்காவின் தொகையை எட்டுகிறது.

கடைசியில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்தது. அதன் நான்கு பிரிவுகளையும் சொல்லி விடலாம், நேரம் பிடிக்காது. வரி பாக்கிக்காகவோ, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் ஒருவரை அடிமை என்று சொல்லி விற்கக் கூடாது. ஒருவர் மற்றொருவர்க்கு அடிமை என்பதால் எழும் உரிமை எதையும் நீதிமன்றம் நிலைநாட்டாது. தம் உழைப்பாலோ வாரிசாகவோ பெற்ற பொருளை, அடிமை என்ற காரணத்தால் ஒருவரிடமிருந்து பறிக்கக் கூடாது. சாதாரண மனிதர்க்குச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. அவ்வளவுதான்.

இதில் 'அடிமைகள் விடுதலை பெற்றனர்' என்னும் வாக்கியம் இல்லை. அடிமை வைத்திருப்பவர்க்குத் தண்டனையும் இல்லை. ஆளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம் ஆனது, 1862 ஜனவரியில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே. சட்டம் தன் கையை விலக்கிக் கொண்டது. ஆண்டையின் கையைப் பிடிக்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை போன்ற ஒரு சபையில் இனி அடிமை ஓலை செல்லாது என்பதே இதன் பொருள். ஆண்டைக்கு ஓலை வேண்டியிருந்ததா என்பதே கேள்வி.

வேண்டியிருக்கவில்லை. பண்ணையாளின் குடிசை நின்ற மனை மிராசுதாரின் மனை. திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் மிராசுதாரிடம் வாங்கிய கடன். அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். கூலி நெல்லாக அளந்த படி. அதுவும் அவர் களத்திலே. பக்கத்து ஊர்ப் பண்ணைக்குப் போனால், 'கடனைத் தீர்த்துவிட்டு வந்தாயா?' என்று அங்குள்ளவரும் கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதி இருந்தது. ஓடியவன் எந்தத் தெருவில் ஒளிவான்? எந்தக் கிணற்றில் நீர் மொள்வான்? அமெரிக்கத் தோட்டக்காரர்க்கு வேட்டை நாயும் நீதிமன்றமும் செய்து கொடுத்த வேலையை, இங்கே மனையும் கடனும் சாதியும் ஓசையின்றிச் செய்து கொடுத்தன. அதனால்தான் மிராசுதார் வாய் திறக்கவில்லை. அவர் அஞ்சிய கடலில் அலையே எழவில்லை.

இது வெறும் ஊகமன்று. சட்டம் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். கடனுக்கு ஆளை எழுதி வாங்கும் வழக்கம் அப்போதும் உயிரோடிருந்ததையும், குடியிருப்பு மனை மிராசுதார் கையில் இருப்பதே ஏழையின் விலங்கு என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க அரசாங்கம் ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று வரை வழக்கில் அடிபடுவது அதுவே.

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் செம்மையாக முடிந்தது என்று சொல்ல வரவில்லை. 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை அடியோடு நீக்கிற்று. ஆனால் அதே ஆண்டுத் தொடக்கத்தில் விடுதலை பெற்றவர்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரை நிலங்களை, லிங்கனுக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர் ஜான்சன் பழைய உடைமைக்காரர்க்கே திருப்பித் தந்தார். நிலமில்லாதவர் வாரத்துக்கு உழுது, கடைக்காரரிடம் கடன்பட்டு, மறுபடியும் அதே தோட்டத்தில் குனிந்தனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 'இது தவறு' என்று அந்நாடு தன் அடிப்படைச் சட்டத்தில் எழுதிவிட்டது. எழுதியதைக் காட்டி வழக்காட இடமிருந்தது. 1873இல் புனாவில் ஜோதிராவ் பூலே அடிமைத்தனம் பற்றி மராத்தியில் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1843ஆம் ஆண்டுச் சட்டம் செய்தவர்களுக்கு நூலைக் காணிக்கையாக்க அவருக்குத் தோன்றவில்லை!

அமெரிக்கப் போரின் சத்தம் நம் ஊர்களில் கேட்டது வேறு வழியில். அங்கிருந்து பருத்தி வருவது நின்றதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியாவை நோக்கின. திருநெல்வேலிப் பருத்திக்குத் தூத்துக்குடியில் விலை ஏறிற்று. அதற்கு முன்பே, 1840களில், அமெரிக்கத் தோட்டக்காரர் சிலரைக் கம்பெனியார் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்து அந்நாட்டுப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்ததுண்டு. அடிமைகளைக் கொண்டு பயிர் செய்து பழகியவர்கள், நம் நாட்டில் அடிமைச் சட்டம் வந்த நாட்களில் இங்கே வயலில் நின்றார்கள்! அவர்கள் என்ன நினைத்தார்களோ?

போர் நடக்கவில்லை என்றேன். ஆனால் பண்ணையாட்கள் கைகட்டி நின்று கொண்டே இருக்கவில்லை. போராட இயலாதவன் செய்யக் கூடியது ஒன்றுண்டு: நடப்பது. அவர்கள் நடந்தார்கள். மொரீசுத் தீவின் கரும்புத் தோட்டத்துக்கும், இலங்கையின் காப்பி மலைக்கும் போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் ஒப்பந்தக் கூலிகளோடு தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. விலக்கப்பட்ட அடிமையின் இடத்தை நிரப்பத்தான் ஒப்பந்தக் கூலி என்ற ஏற்பாடே எழுந்தது. ஒரு விலங்கைக் கழற்ற ஓடியவர்கள் மற்றொன்றில் கையை நுழைத்தார்கள் என்பதும் உண்மை.

வடக்கும் மேற்கும் நோக்கி நடந்தவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடம் இந்தப் பெங்களூர்த் தண்டு. 1809ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தபோது, சென்னைப் படையோடு தமிழர்களும் வந்தனர். சிப்பாய்களும், குதிரைக்காரர்களும், சமையற்காரர்களும், கொத்தர்களும் வந்தனர். வணிகம் செய்ய முதலியார்களும் வந்தனர். எல்லோரும் பண்ணையிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னால் அது பிழை. ஆயினும் பண்ணையிலிருந்து வந்தவர்களுக்குத் தண்டு என்ன பொருள் தந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கூலி நெல்லாக அல்ல, காசாகக் கிடைத்தது. தம்பிகள் என்று படையில் செல்லமாக அழைக்கப்பட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில், ஊரில் தெருவுக்குள் நுழைய முடியாதவர் சீருடை அணிந்து நடந்தார். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து தண்டுக்கு ரயில் வந்த பிறகு நடை எளிதாயிற்று. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சமும், 1880களில் கோலார் தங்க வயலில் திறந்த சுரங்கங்களும் வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து மேலும் பலரை இழுத்தன. சுரங்கத்தின் இருளும் தூசியும் கொடியவை. ஆனால் அங்கே பாட்டன் கடனைக் கேட்டு எவரும் வரவில்லை.

1898இல் பிளேக் நோய் தண்டின் நெருக்கமான தெருக்களைச் சூறையாடிற்று. அதன் பின், காற்றோட்டமான புதிய குடியிருப்பாக, 1906ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, அந்நாளில் மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்றது இந்தப் பேட்டை. இன்று புலிகேசி நகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும், மாஸ்க் ரோட்டில் யாரைக் கேட்டாலும் பிரேசர் டவுன் என்றே சொல்வார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றின் முன்னோர், 1843ஆம் ஆண்டுச் சட்டம் செய்யாததைத் தம் கால்களால் செய்து முடித்தவர்கள். அந்த நடையை எழுதி வைத்த ஏடு இல்லை. எந்த ஊர், எந்தப் பண்ணை என்பது பாட்டிமார் நினைவோடு போய்விட்ட வீடுகள் பல. இன்னும் பாட்டிமார் இருக்கும் வீடுகளில் கேட்டு எழுதி வைக்கலாம்.

ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் வழக்கு நூறாண்டு கழித்துத் தஞ்சை வயலில் வெளிப்பட்டது. அதைத் தொடுத்தவர்களில் முன்னின்றவர் கன்னட நாட்டார் என்பதை இங்கே வாழும் தமிழர் அறிந்திருப்பது நல்லது. தென் கன்னட மாவட்டத்தில் பிறந்த பி. சீனிவாச ராவ், 1940களில் கீழத் தஞ்சைக்கு வந்து, சேரிகளில் தங்கி, அவர்கள் உண்டதையே உண்டு, பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். அந்நாளில் கூட, வேலைக்குப் பிந்தி வந்த ஆளைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பாலைக் குடிக்கச் செய்வதும் அங்கே தண்டனைகளாக இருந்தன. 1843ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவுப்படி இவை குற்றங்கள்! சட்டம் ஏட்டில் நூறாண்டாக இருந்தது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் இனிக் கூடாது என்று மிராசுதார்கள் ஒப்புக் கொண்டனர். ராவ் 1961இல் தஞ்சையில் காலமானார்.

1952இல் ராஜாஜி அமைச்சரவை தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு வேலி, அதாவது 6 ஏக்கர் 67 சென்ட் நிலத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் தம் பண்ணையாளைக் காரணமின்றி விலக்கக் கூடாது என்றது அது. பலர் பண்ணையாட்களை அன்றாடக் கூலிகளாக மாற்றி, அச்சட்டத்தைக் கடந்து சென்றனர். கூலி உயர்வு கேட்டுத் தொடர்ந்த பூசலின் உச்சத்தில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தமிழ்நாட்டில் போரே நடக்கவில்லை என்று சொல்லும்போது என் நாக்கு இந்த இடத்தில் தடுக்கிறது.

அதன் பின்னர் இரண்டு சட்டங்கள் வந்தன. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக ஒருவரைக் கட்டி வைப்பதைக் குற்றமாக்கி, அத்தகைய கடன்களையும் இரத்துச் செய்தது. அது நாடு முழுவதற்கும் உரியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1971இல், தமிழ்நாட்டுக் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளிக்கு அந்தக் குடிசை நின்ற மனையைச் சொந்தமாக்கிற்று. அளவில் சில சென்ட் நிலம்தான். கல்கத்தாவில் அந்த நான்கு பிரிவுகள் கையெழுத்தாகி அப்போது 128 ஆண்டுகள் ஆகியிருந்தன.